முள் எடுத்த கணக்கு

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிக்கும் மூலைக்கரைப்பட்டிக்கும் இடையில் எங்கள் அப்பா எள்ளும் உளுந்தும் விதைத்துவந்த ஆறு ஏக்கர் செவல் நிலம், அவர் ஏரைக் கீழே வைத்த பத்து ஆண்டுகளுக்குள் பாதிக்கு மேல் உடங்காடாக, அதாவது சீமைக்கருவேலங்காடாக, ஆகிவிட்டது. 2021 மாசியில் தொடங்கி இந்த 2025 ஆவணி வரை அதிலிருந்து சீமைக்கருவேலத்தை எடுத்து ஆடு மேயும் நிலமாக மாற்றுவதற்கு ஆன செலவையும், அதனால் மிச்சமானதையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்திருக்கிறேன். எப்படி எடுப்பது என்று என்னிடம் கேட்கிறவர்கள் பலர். எந்த இடத்தை முதலில் எடுப்பது, எந்த இடத்தை எடுக்காமலே விடுவது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குப் பணம் போனது அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியதால்தான்.

பெயரைப் பற்றி ஒரு சொல். எங்கள் பக்கத்தில் உடை என்றால் பழைய ஆட்களுக்குக் குடை விரித்தாற்போல் நிற்கும் நாட்டு மரம்தான் நினைவுக்கு வரும். 1877 வாக்கில் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரமான சீமைக்கருவேலத்தைச் சீமை உடை என்றும் வேலிக்காத்தான் என்றும் சொல்வார்கள். நாட்டு உடையும் வெள்வேலும் என் நிலத்தில் ஏழு நின்றன. அவற்றின் நெற்றை ஆடு விரும்பித் தின்னும், நிழலில் புல்லும் நிற்கும். அந்த ஏழின் அடிமரத்திலும் வேலை தொடங்கும் முன்பே சுண்ணாம்பால் வளையம் போட்டுவிட்டேன், ஏனென்றால் இயந்திரம் ஓட்டுகிறவருக்கு எல்லாமே முள்மரம்தான்.

நிலத்தை நான் மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். மேற்கே இரண்டரை ஏக்கரில் மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன, இடையில் கொழுக்கட்டைப்புல்லும் நரிப்பயறும் இன்னும் உயிரோடு இருந்தன. நடுவில் ஒன்றரை ஏக்கரில் ஆள் குனிந்து நுழையலாம். கிழக்கே ஓடையை ஒட்டிய இரண்டு ஏக்கரில் நாய்கூட நுழையாது, தரையில் ஒரு புல் கிடையாது.

யாருக்கும் தோன்றுவதுபோல எனக்கும் அந்த இரண்டு ஏக்கரைத்தான் முதலில் தொலைக்க வேண்டும் என்று தோன்றியது. கரிமூட்டம் போடுகிற வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, வெட்டிக்கொள்வதற்கு 14,000 ரூபாய் கொடுத்தார். செலவு இல்லாமல் நிலம் சுத்தமாகிறது, கையில் பணமும் வருகிறது என்று மகிழ்ந்தேன். அவருடைய ஆட்கள் எட்டு நாளில் மொத்தத்தையும் தரையோடு தரையாக அறுத்து ஏற்றிப் போனார்கள். அந்த ஆண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது, அறுத்த ஒவ்வொரு தூரிலிருந்தும் எட்டு முதல் பன்னிரண்டு தளிர்கள் இடுப்பளவுக்கு எழுந்து நின்றன. ஒற்றை மரமாக நின்றது புதராக மாறியிருந்தது. அடர்த்தி முன்பைவிடக் கூடியிருந்ததைத் தவிர அந்த அறுப்பினால் நிலத்துக்கு எந்தப் பயனும் இல்லை.

அது ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு தூரை நானே தோண்டினேன். தொடை கனம் இருந்த தூர். சுற்றிலும் மண்ணை வெட்டி இறக்கிவிட்டு, அரிவாள் முனையால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தால், தரைமட்டத்திலிருந்து கீழே ஒரு சாண் வரைக்கும் தண்டு வேராக மாறும் கழுத்துப் பகுதியில் அரிசி முனைபோலச் சிறு முண்டுகள் வரிசையாக இருக்கின்றன. தளிர் அங்கிருந்துதான் வருகிறது. அந்த முண்டுகள் நின்றுபோகும் இடத்துக்குக் கீழே வேர் வழவழப்பாக இருக்கிறது. அங்கே வெட்டினால் மிச்ச வேர் மண்ணுக்குள்ளேயே மக்கிப் போகிறது, ஒரு விரற்கடை மேலே வெட்டினாலும் அடுத்த மழைக்குத் தலை நீட்டுகிறது. பிறகு ஆட்களிடம் நான் சொன்ன அளவு ஒன்றே ஒன்று: ஓர் அடி ஆழம். மண்வெட்டிக் காம்பில் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டுக் கொடுத்தேன், பேச்சைவிட அந்தக் கோடு நன்றாக வேலை செய்தது.

2021 கார்த்திகையில், மண் ஈரமாக இருந்த பதினைந்து நாளுக்குள், மேற்கு இரண்டரை ஏக்கரைக் கையாலேயே முடித்தோம். கடப்பாரையும் மண்வெட்டியும் கவைக்கம்பும்தான் கருவிகள். கவைக்கம்பால் கிளையை ஒருவர் தள்ளிப் பிடிக்க, மற்றவர் தூரைச் சுற்றி வெட்டிக் கடப்பாரையால் நெம்ப வேண்டும். எண்ணியபடி 310 மரங்கள், 9 ஆள் நாள், நாளுக்கு 700 ரூபாய் வீதம் 6,300 ரூபாய். இதே வேலையைப் பங்குனியில் செய்திருந்தால் செவல் மண் ஓடுபோல இறுகி இருமடங்கு நாள் பிடித்திருக்கும். இந்த வேலையில் என் வலது கை நடுவிரல் மூட்டில் ஏறிய முள்ளின் நுனி உள்ளேயே ஒடிந்து நின்று, வீங்கி, மூன்று வாரம் கையை மடக்க முடியாமல் செய்துவிட்டது. முள் ஏறினால் வீட்டில் ஊசியால் குத்திப் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

2022 சித்திரையில் ஜேசிபி இறக்கினோம், மணிக்கு 1,200 ரூபாய். நடு ஒன்றரை ஏக்கரில் முழு மரங்கள் நின்றன. வாளியை மரத்தின் நெஞ்சுயரத்தில் வைத்துத் தள்ளினால், அடிமரமே நெம்புகோலாகி வேரோடு சாய்கிறது. 6 மணி நேரத்தில் முடிந்தது. வேர் பொறுக்க 5 ஆள் நாள். ஆக 10,700 ரூபாய் செலவு. தூர்க்கட்டையோடு சேர்த்து இரண்டரை டன் விறகு, டன் 3,000 ரூபாய்க்குப் போனது. நிகரச் செலவு 3,200 ரூபாய் மட்டுமே.

கிழக்கு இரண்டு ஏக்கரில் நடந்தது வேறு. வியாபாரி அடிமரத்தை எடுத்துப் போய்விட்டதால் வாளி பிடிப்பதற்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு தூரையும் தனித்தனியாகத் தேடித் தோண்ட வேண்டியிருந்தது, தூர் எங்கே இருக்கிறது என்பதே புதருக்குள் தெரியவில்லை. 17 மணி நேரம் ஓடியது, 12 ஆள் நாள் பிடித்தது, மொத்தம் 28,800 ரூபாய். விரல் கனத் தளிர்களுக்கு யார் விலை கொடுப்பார்கள்? தூர்க்கட்டைக்கு 3,000 ரூபாய் கிடைத்தது. வியாபாரி கொடுத்த 14,000 ரூபாயைக் கழித்த பிறகும் 11,800 ரூபாய் என் கையிலிருந்து போயிற்று. மரத்தை முழுசாக நிறுத்தி வைத்திருந்தால் மணி நேரமும் பாதியாகியிருக்கும், விறகும் என்னுடையதாக இருந்திருக்கும். மரத்தை விற்பதானால் வேரோடு எடுப்பதற்கே விற்க வேண்டும், அதற்கு வியாபாரி விலை குறைத்துக் கேட்டாலும் அதுவே லாபம்.

அந்தப் புரட்டாசிக் கடைசியில் டிராக்டரால் ஓர் உழவு ஓட்டி, இயந்திரம் கிளறிய மூன்றரை ஏக்கரிலும் கொழுக்கட்டைப்புல்லும் முயல் மசால் என்ற தீவனப் பயறுச் செடியும் விதைத்தோம். கொழுக்கட்டைப்புல் விதை பஞ்சுபோலக் காற்றில் பறக்கும் என்பதால் ஈர மணலில் பிசறித் தூவ வேண்டும். முயல் மசால் விதையின் தோல் கெட்டி, அதைக் கைபொறுக்காத சுடுதண்ணீரில் நாலைந்து நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தேன். உழவும் விதையுமாக 14,000 ரூபாய். மேற்கு நிலத்துக்கு விதையே தேவைப்படவில்லை. முள் போனதும் இருந்த புல் தானே பரவிக்கொண்டது, அந்தத் தை மாதமே ஆடு இறங்கியது. விதைத்த மூன்றரை ஏக்கரிலோ முதல் ஓராண்டுக்கு ஆட்டை உள்ளே விடக்கூடாது.

இயந்திரம் போன பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. சீமை உடையின் விதை கெட்டியான ஓட்டுக்குள் மண்ணில் பல ஆண்டு காத்திருக்கும். கிளறிவிட்ட மண்ணில் மழை பட்டதும் அது பாய்போல முளைக்கிறது. பார்வையால் மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம் என்று, பத்தடிக்குப் பத்தடி கயிற்றுச் சட்டம் ஒன்று கட்டி, கிழக்கு நிலத்தில் பத்து இடத்தில் போட்டு எண்ணினேன். 2022 கார்த்திகையில் சட்டத்துக்குச் சராசரி 7 நாற்று, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 3,050. முளைத்து மூன்று நான்கு வாரத்தில், சாண் உயரம் இருக்கும்போது, ஈர மண்ணில் இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் முழு வேரும் வெள்ளைச் சரடுபோல வழுக்கிக்கொண்டு வந்துவிடும், முள்ளும் அப்போது மெத்தென்றுதான் இருக்கும். தை பிறந்து மண் இறுகிவிட்டால் அதே செடி கழுத்தில் ஒடியும், பிறகு அதற்குக் கடப்பாரை வேண்டும். ஒரு பெண் ஆள் ஒரு நாளில் பிடுங்குகிற செடிகளை, இரண்டு ஆண்டு கழித்துத் தோண்டியெடுக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த மூன்று வாரத்தின் மதிப்பு தெரியும்.

அந்த ஆண்டு நாற்றுப் பிடுங்க 14 ஆள் நாள், 450 வீதம் 6,300 ரூபாய். 2023 கார்த்திகையில் 8 நாள், 3,600 ரூபாய். குறைந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்த அடுத்த மாதமே, டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தையே புரட்டிப்போட்ட அந்தப் பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் கொட்டிய மழை அது. எங்கள் ஓடை கரை மீறி, மேற்புறத்துக் குளத்து உடங்காடுகளின் நெற்றையெல்லாம் அள்ளிவந்து, என் கிழக்கு நிலத்தில் வெள்ளம் வடிந்த விளிம்பில் கோடு கிழித்தாற்போல விட்டுச் சென்றது. தை மாதம் அந்தக் கோட்டின்மேல் சட்டத்தைப் போட்டு எண்ணினால் ஒரு சட்டத்தில் 40 நாற்று. இன்னொரு 11 நாள், 4,950 ரூபாய். 2024 கார்த்திகையில் பத்துச் சட்டத்திலும் சேர்த்தே 6 நாற்றுத்தான் இருந்தன, 4 நாள் போதுமாக இருந்தது, கூலி 500 ஆகியிருந்ததால் 2,000 ரூபாய். நாலு தடவைக்கும் சேர்த்து 16,850 ரூபாய்.

நாற்றை மழை மட்டும் கொண்டுவருவதில்லை, ஆடும் கொண்டுவருகிறது. நெற்று இனிப்பு, ஆடும் மாடும் தேடித் தின்னும், விதை மட்டும் அரைபடாமல் புழுக்கையோடு வந்து எருவும் ஈரமும் கிடைத்த இடத்தில் முளைக்கும். வெளியூர்க் கிடையை உரத்துக்காக வயலில் மறித்த பிறகு அந்த வயலில் சீமை உடை முளைப்பதை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பத்து ஆண்டு முன் எங்கள் நிலத்துக்கு அது வந்ததும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இப்போது வெளியே மேய்ந்து வந்த ஆட்டைப் பட்டியில் ஐந்து நாள் வைக்கோலும் தட்டையும் போட்டு வைத்திருந்து, அதன் பிறகே சுத்தமான நிலத்துக்குள் விடுகிறேன். நெற்றைத் தீவனமாகக் கொடுப்பதென்றால் காயவைத்து, விதை நொறுங்கும்படி இடித்துத்தான் கொடுக்கிறேன்.

இனி வரவு. 2021–22இல் சேவாடு என்ற எங்கள் பக்கத்துச் செம்மறி இனத்தில் 22 பெட்டை ஆடுகளுக்கு வைக்கோல், தட்டை, தவிடு என்று வெளியில் வாங்கியது 31,000 ரூபாய். 2024 ஆவணி முதல் 2025 ஆடி வரை 30 ஆடுகளுக்கு 13,500 ரூபாய். மிச்சம் 17,500, கூடுதலாக எட்டு ஆடுகள் வேறு. ஆடுகள் எந்த நிலத்தில் எத்தனை நாள் மேய்ந்தன என்று எழுதியிருப்பதால் இந்த மிச்சத்தைப் பிரிக்க முடிகிறது: மேற்கு 6,500, நடு 5,000, கிழக்கு 6,000.

செலவையும் அப்படியே பிரித்தேன். மேற்கு இரண்டரை ஏக்கருக்கு வெட்டுக்கூலி 6,300, நாற்றுப் பிடுங்கியதில் அதன் பங்கு 2,700, ஆக 9,000 ரூபாய், ஏக்கருக்கு 3,600. நடு ஒன்றரை ஏக்கருக்கு 3,200, நாற்றுக்கு 4,150, விதைப்புக்கு 6,000, ஆக 13,350 ரூபாய், ஏக்கருக்கு 8,900. கிழக்கு இரண்டு ஏக்கருக்கு 11,800, நாற்றுக்கு 10,000, விதைப்புக்கு 8,000, ஆக 29,800 ரூபாய், ஏக்கருக்கு 14,900. மொத்தம் 52,150 ரூபாய். இதில் நானும் தம்பியும் உழைத்த 38 நாள் சேரவில்லை. அதையும் 700 வீதம் எழுதினால் இன்னும் 26,600 ரூபாய் கூடும், இப்படிப்பட்ட கணக்குகளில் எல்லோரும் விட்டுவிடுகிற தொகை அதுதான்.

எங்கள் ஊரில் கடன் என்றால் இரண்டு வட்டி, ஆண்டுக்கு நூற்றுக்கு 24. அந்தக் கல்லில் உரசிப் பார்க்கிறேன். மேற்கு நிலத்தின் 9,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 2,160, மிச்சம் 6,500, இரண்டு ஆண்டுக்குள் கடன் தீரும். நடு நிலத்துக்கு வட்டி 3,204, மிச்சம் 5,000, மெதுவாக, ஆனால் தீரும். கிழக்கு நிலத்துக்கோ வட்டி மட்டும் 7,152, மிச்சம் 6,000. கடன் வாங்கிச் செய்தால் அசல் ஒருநாளும் குறையாது. மேலும், அந்த இரண்டு ஏக்கரை உடங்காடாகவே விட்டிருந்தால் மூன்று நாலு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு செலவும் இல்லாமல் விறகு விற்றிருக்கலாம், ஆண்டுக்கு நாலாயிரத்தை ஒட்டிக் கிடைத்திருக்கும். அதையும் வைத்துப் பார்த்தால் முள்ளை எடுத்ததால் எனக்கு உண்மையில் கூடுதலாக வந்தது ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் அளவுதான்.

ஆகவே மறுபடி செய்வதானால் மேற்கிலிருந்து தொடங்கி, நடு நிலம் வரை வந்து, கிழக்கே ஓர் எல்லை போட்டு நிறுத்திக்கொள்வேன். எல்லையோரம் முப்பது அடி அகலத்துக்கு மரம் இல்லாமல் வைத்து, நெற்று பழுக்கும் காலத்தில் ஆட்டை அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வேன். நம் பக்கத்தில் பணமும் இயந்திரமும் நேராக அடர்ந்த காட்டுக்குள்தான் போகின்றன, கண்ணுக்குத் தெரிவது அதுதான் என்பதால். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்ட காலத்தில் எங்கள் பக்கத்துக் குளம் ஒன்றிலும் இயந்திரங்கள் இறங்கின. அடுத்த மழைக்கு நாற்றுப் பிடுங்க யாரும் வரவில்லை, இன்று அந்தக் குளத்தில் முன்பைவிட நெருக்கம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் கூலியை முன்கூட்டியே எடுத்து வைக்காதவர்கள் முதல் ஆண்டு இயந்திரத்தைக் கூப்பிடவே வேண்டாம் என்பேன். அதைவிட, மேய்ச்சல் இன்னும் மிஞ்சியிருக்கும் ஓரங்களில் ஆண்டுக்கு இரண்டு ஆளை அனுப்பினால் பத்து மடங்கு நிலம் தப்பும்.

பூச்சி விட்டு அழிக்க முடியாதா என்று தம்பி கேட்டான். நம் முன்னோர் காலத்தில் சப்பாத்திக்கள்ளிக்கு அப்படி நடந்திருக்கிறது. 1795இல் சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி என்று நினைத்து பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது வேறொரு பூச்சியாகப் போய், நல்ல சாயம் தராமல் ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அது தொடாத இன்னொரு வகைக் கள்ளிக்கு 1926இல் இலங்கையிலிருந்து வேறு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள், சில ஆண்டுகளில் தென்னாட்டுத் தரிசுகளில் கள்ளி அடங்கியது. ஒருமுறை செலவு, பிறகு பூச்சியே வேலைக்காரன். ஆனால் கள்ளியை நம்பி யாருடைய அடுப்பும் எரியவில்லை. தென்னாப்பிரிக்காவில் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவான மரங்களுக்கு 1987இல் பூச்சி விட்டபோது, மரத்தைத் தொடாமல் விதையை மட்டும் தின்னும் வண்டைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏனென்றால் மரத்தால் பிழைப்பவர்கள் அங்கேயும் இருந்தார்கள்.

எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் யார் என்பது நடு நிலத்தில் இயந்திரம் ஓடிய அன்று தெரிந்தது. தலைச்சுமையாக விறகு பொறுக்க வருகிற வயதான அம்மா ஒருவர் வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எய்யா, முள்ளு பூராவும் எடுத்துட்டியன்னா நாங்க அடுப்பெரிக்க எங்கய்யா போவோம்?” என்று கேட்டார். என் நோட்டில் அவருக்கு ஒரு வரி இல்லை. அன்றிலிருந்து வேர் பொறுக்குகிற ஆட்களிடம், மணிக்கட்டு கனத்துக்குக் குறைந்த சுள்ளியை ஓடைக்கரையில் குவித்துவிடச் சொன்னேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு அது போதுமானதாக இருந்தது. இப்போது அவர் அடுத்த குளத்துக்கு நடக்கிறார்.

இந்த ஐப்பசிக்குக் கயிற்றுச் சட்டத்தை அவிழ்த்துப் புதுக் கயிறு கட்டியிருக்கிறேன். நாற்றுப் பிடுங்க நாலு ஆளுக்கு இரண்டு நாள், 4,000 ரூபாய், தனியாக எடுத்து வைத்தாயிற்று. கிழக்கே வெள்ளக்கோடு விழுந்த ஓடையோரத்தை மட்டும் முதல் மழை முடிந்த மூன்றாவது வாரம் நானே நடந்து பார்ப்பேன்.